மின்சாரம் போனால் பிளாக்செயின் கெடுவது ஏன்? சேமிப்பின் அணுத்தன்மை பற்றிய ஒரு விளக்கம்

பிட்காயின் மென்பொருளைச் சொந்தக் கணினியில் ஓட்டுபவர்களில் பலர், ஒரு மின்தடைக்குப் பிறகு அதைத் திரும்பத் தொடங்கும்போது, பிளாக் டேட்டாபேஸ் சிதைந்துவிட்டது, மறுபடி கட்டமைக்கலாமா என்று கேட்கும் செய்தியைப் பார்த்திருப்பார்கள். சரி என்று சொன்னால், பல நூறு ஜிபி தரவைக் கணினி முதலிலிருந்து படித்துச் சரிபார்க்கத் தொடங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் அது நாள்கணக்கில் இழுக்கும். எவராலும் திருத்த முடியாது என்று சொல்லப்படும் ஒரு பதிவேடு, கரண்ட் போனதற்கே கெட்டுப்போவது முரணாகத் தோன்றலாம். ஆனால் திருத்த முடியாமை என்பது ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு இடையிலான உடன்பாட்டின் பண்பு. அந்தப் பதிவேடு ஒரு தனிக் கணினியின் வட்டில் எப்படி எழுதப்படுகிறது என்பதோ, வங்கி மென்பொருளும் ரயில் முன்பதிவும் சந்திக்கிற அதே பழைய டேட்டாபேஸ் சிக்கல்.

எல்லாவற்றையும் ஒரே டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனுக்குள் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்பது இதைக் கேட்டதும் எழும் யோசனை. அது பாதி சரி. மறுபாதி எவ்வளவு ஆபத்தானது என்பதை, 2013இல் பிட்காயின் வலைப்பின்னலே சில மணி நேரம் இரண்டாகப் பிரிந்த நிகழ்ச்சி காட்டியது.

குழப்பம் தவிர்க்க ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் "பரிவர்த்தனை" என்பது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் காசு போவதை மட்டுமே குறிக்கும். "டிரான்சாக்‌ஷன்" என்பது பல மாற்றங்களை ஒரே கட்டாகச் செய்ய டேட்டாபேஸ் தரும் வசதியைக் குறிக்கும்.

## நோடு வட்டில் எதையெல்லாம் வைத்திருக்கிறது

வலைப்பின்னலில் சேர்ந்துள்ள ஒவ்வொரு கணினியையும் நோடு என்கிறோம். இன்றைய பிட்காயின் கோர் மென்பொருள் ஓடும் ஒரு நோடு, நான்கு வகைத் தரவுகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது.

1. பிளாக் கோப்புகள். வலைப்பின்னலிலிருந்து வந்த பிளாக்குகள் (ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடரும் பரிவர்த்தனைத் தொகுப்புகள்), வந்த வடிவத்திலேயே, ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். ஒரு கோப்பு அதிகபட்சம் 128 மெபிபைட். ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் நான்கு பைட் அடையாளக் குறியும் நான்கு பைட் நீளமும் இருக்கும்.

2. மீட்புக் கோப்புகள். ஒரு பிளாக்கைத் தொடரிலிருந்து கழற்ற நேர்ந்தால், அது செலவழித்த பழைய காசுகளைத் திரும்பப் போட வேண்டும் அல்லவா? அந்தக் காசுகளின் விவரம் இங்கே இருக்கும்.

3. பிளாக் அட்டவணை. எந்த பிளாக் எந்தக் கோப்பில் எத்தனையாவது பைட்டில் உள்ளது, அது எவ்வளவு தூரம் சரிபார்க்கப்பட்டது என்பதைச் சொல்லும் சிறிய டேட்டாபேஸ்.

4. காசு நிலை. இன்னும் செலவழிக்கப்படாத எல்லாக் காசுகளின் பட்டியலும், அந்தப் பட்டியல் எந்த பிளாக் வரைக்குமானது என்ற சுட்டியும். சரிபார்ப்பு முழுவதும் இதை நம்பித்தான் நடக்கிறது.

முதல் இரண்டும் சாதாரணக் கோப்புகள். மற்ற இரண்டும் லெவல்டிபி என்ற சேமிப்பு மென்பொருளில் உள்ள இரு வேறு டேட்டாபேஸ்கள். புதிதாக ஒரு பிளாக் வந்தால் இந்த நான்கும் மாற வேண்டும், ஆனால் நான்கையும் ஒரே நொடியில் மாற்றும் கருவி எதுவும் வட்டில் கிடையாது.

## நடுவில் அறுந்தால் என்ன ஆகும்

புதிய பிளாக்கில் ஒரு பரிவர்த்தனை இருக்கிறது. அது ஒரு பழைய காசைச் செலவழித்து இரண்டு புதிய காசுகளை உண்டாக்குகிறது என்று கொள்வோம். காசு நிலையில் நோடு செய்ய வேண்டியவை மூன்று: பழைய காசை அழிப்பது, புதிய இரண்டைச் சேர்ப்பது, சுட்டியை இந்தப் புதிய பிளாக்குக்கு நகர்த்துவது. இவை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஒவ்வொன்றாக எழுதப்படும்போது மின்சாரம் போனால் இரண்டு வகைக் கேடு வரலாம்.

பழைய காசு அழிந்து, சுட்டி நகராமல் நின்றுவிட்டது என்றால், நோடு மறுபடி எழும்போது தான் இன்னும் முந்தைய பிளாக்கில் இருப்பதாக நினைத்து, அதே பிளாக்கைச் சரிபார்க்கத் தொடங்கும். பிளாக் செலவழிக்க முயலும் காசு பட்டியலில் இருக்காது. ஆகவே உலகமே ஏற்றுக்கொண்ட ஒரு பிளாக்கை இந்த நோடு மட்டும் செல்லாது என்று முத்திரை குத்தி, அந்த முடிவை அட்டவணையிலும் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் நகராமல் நின்றுவிடும்.

இரண்டாவது வகை இதைவிட மோசம். சுட்டி நகர்ந்துவிட்டது, ஆனால் புதிய காசுகளில் ஒன்று வட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இப்போது எந்தக் கோளாறும் தெரியாது. பல மாதம் கழித்து அந்தக் காசை யாரோ செலவழிக்கும் நாளில்தான் நோடு முரண்டுபிடிக்கும். அதற்குள் கோளாறின் காரணத்தை எவரும் மறந்திருப்பார்கள்.

இப்படி அரைகுறையாக நிற்காமல், ஒரு கட்டு மாற்றங்கள் முழுதாக நடப்பது அல்லது ஒன்றுமே நடக்காதது போல இருப்பது என்ற பண்பைத்தான் அணுத்தன்மை என்கிறோம். டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷன் தரும் உறுதிகளில் இது முதன்மையானது.

இதை டேட்டாபேஸ்கள் சாதிக்கும் விதம் இரண்டு. போஸ்ட்கிரெஸ் போன்றவை, மாற்றங்களை முதலில் ஒரு பதிவுக் கோப்பில் வரிசையாக எழுதி, அது வட்டில் பதிந்ததும் "கமிட் ஆயிற்று", அதாவது மாற்றம் உறுதியாயிற்று, என்று அறிவித்துவிட்டு, உண்மையான அட்டவணைகளை நிதானமாகத் திருத்தும். எல்எம்டிபி என்ற டேட்டாபேஸ் வேறு வழியில் போகிறது. அது பழைய பக்கத்தைத் தொடுவதே இல்லை. மாறிய பக்கங்களைக் காலியான வேறு இடத்தில் எழுதிவிட்டு, கோப்பின் தொடக்கத்தில் உள்ள இரண்டு தலைமைப் பக்கங்களில் பழையதாக இருக்கும் ஒன்றின் மேல் புதிய மரத்தின் வேர் எங்கே என்று எழுதும். அந்த ஒரு பக்கம் எழுதப்படாத வரை, படிப்பவர்களுக்கு நேற்றைய நிலையே தெரியும். இரண்டு வழியிலும் உத்தி ஒன்றே: ஆயிரம் மாற்றங்களின் தலையெழுத்தை ஒரே ஒரு சிறிய எழுத்தில் தொங்கவிடுவது.

## 2013 மார்ச்: டிரான்சாக்‌ஷனே விதியாகிப் போன இரவு

பிட்காயினின் தொடக்ககால மென்பொருள், பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்தியது. பிளாக்கைச் சேர்ப்பது முழுவதும் முறையான டிரான்சாக்‌ஷனுக்குள் நடந்தது. தொடரின் நுனியில் இருந்த சில பிளாக்குகளைக் கழற்றி வேறு பிளாக்குகளை மாட்ட நேர்ந்தாலும், கழற்றுவதும் மாட்டுவதும் ஒரே டிரான்சாக்‌ஷன். பாடநூல் சொல்லும் அணுத்தன்மை அப்படியே இருந்தது.

பெர்க்லி டிபி, டிரான்சாக்‌ஷன் தொடும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பூட்டுப் போடும். டிரான்சாக்‌ஷன் முடியும் வரை பூட்டு விலகாது. மொத்தம் எத்தனை பூட்டு என்பதற்கு மென்பொருளின் அமைப்பில் ஓர் உச்சவரம்பு இருந்தது. அன்றுவரை மைனர்கள் உருவாக்கிய பிளாக்குகள் பெரும்பாலும் 5,00,000 பைட்டுக்குள் அடங்கியதால், அந்த வரம்பை எவரும் முட்டியதில்லை.

2013 பிப்ரவரியில் வந்த 0.8 பதிப்பு, பெர்க்லி டிபியைக் கைவிட்டு லெவல்டிபிக்கு மாறியது. லெவல்டிபியில் அந்தப் பூட்டும் இல்லை, வரம்பும் இல்லை. மார்ச் 11 இரவு, 0.8 பதிப்பை ஓட்டிய ஒரு மைனர், அதுவரை கண்டிராத எண்ணிக்கையில் உள்ளீடுகள் (செலவழிக்கப்படும் காசுகள்) கொண்ட ஒரு பிளாக்கை உருவாக்கினார். தொடரில் அதன் வரிசை எண், அதாவது உயரம், 2,25,430. 0.8 நோடுகள் அதை இயல்பாக ஏற்றன. பழைய பதிப்புகளில் பல, பூட்டுகள் தீர்ந்துபோய், டிரான்சாக்‌ஷனை ரோல்பேக் செய்து, அதாவது பழைய நிலைக்கே திருப்பி, பிளாக் செல்லாது என்று நிராகரித்தன. தொடர் இரண்டாகக் கிளைத்தது.

மைனர்களின் மொத்தக் கணிப்புத் திறனில் ஏறத்தாழ 60 சதவீதம் 0.8 பக்கம் இருந்ததால், பழைய நோடுகள் தாமாகவே திரும்பிச் சேர வாய்ப்பே இல்லை. மென்பொருள் உருவாக்குநர்களும் பெரிய மைனிங் பூல்களை (மைனர்களின் கூட்டுகளை) நடத்தியவர்களும் அரட்டை அறையில் பேசி, பூல்கள் 0.7 பதிப்புக்கு இறங்குவது என்று முடிவு செய்தார்கள். கிளை 24 பிளாக்குகள் வரை நீண்ட பிறகு, பழைய பதிப்பின் தொடர் நீளத்தில் முந்தியது. நீண்ட தொடரையே நோடுகள் பின்பற்றும் என்பதால், புதிய பதிப்பின் நோடுகளும் அதையே ஏற்றுக்கொண்டன. இடையில் ஒரே காசு இருமுறை செலவழிக்கப்பட்ட ஒரு பெரிய இரட்டைச் செலவும் நடந்தது. இந்த நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ ஆய்வறிக்கை, பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு வரிசையில் 50ஆவது எண்ணுடன் வெளியானது. எழுதியவர் கேவின் ஆண்ட்ரசன்.

அந்த அறிக்கையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தேவைப்படும் பூட்டுகளின் எண்ணிக்கை, பிளாக்கை மட்டும் பொறுத்ததன்று. அந்தக் கணினியில் டேட்டாபேஸின் பக்கங்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் பொறுத்தது. அந்த அடுக்கு ஒவ்வொரு கணினியிலும் வேறு. அதாவது ஒரே பழைய பதிப்பை ஓட்டும் இரண்டு நோடுகள்கூட, ஒரே பிளாக்கைப் பற்றி வெவ்வேறு தீர்ப்பு சொல்லக்கூடும். யாரும் எழுதாத, யாராலும் கணிக்க முடியாத ஒரு விதி, டேட்டாபேஸின் வயிற்றுக்குள்ளிருந்து உடன்பாட்டு விதிகளுக்குள் நுழைந்திருந்தது. பழைய பதிப்பை விட முடியாதவர்கள் பூட்டு வரம்பை 5,37,000 ஆக உயர்த்திக்கொள்ளும்படி பின்னர் அறிவுறுத்தப்பட்டார்கள், 0.8.1 பதிப்பு 2013 மே 15 வரை தற்காலிகக் கட்டுப்பாடு ஒன்றையும் கொண்டுவந்தது.

இதற்காக அணுத்தன்மையையே குறைசொல்ல முடியாது. தவறு வேறிடத்தில். டேட்டாபேஸ் "என்னால் முடியவில்லை" என்று சொன்னதை, மென்பொருள் "பிளாக் செல்லாது" என்று எடுத்துக்கொண்டது. சேமிப்புத் தோல்வி ஏற்பட்டால் நோடு நின்றுவிடலாம், பிழை காட்டலாம். பிளாக்கின் மேல் தீர்ப்பு மட்டும் சொல்லக் கூடாது. டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனை பிளாக்செயினோடு இணைக்கும் எவரும் முதலில் எழுத வேண்டிய விதி இதுதான் என்பது என் கருத்து.

## எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனில்: மொனேரோவின் வழி

மொனேரோ என்ற நாணயத்தின் நோடு, மேலே சொன்ன எல்எம்டிபியைப் பயன்படுத்துகிறது. பிளாக்கின் உள்ளடக்கம், பரிவர்த்தனைகள், வெளியீடுகள் (உண்டாகும் புதிய காசுகள்), செலவுக் குறிகள் எல்லாமே ஒரே டேட்டாபேஸ் கோப்பில் தனித்தனி அட்டவணைகளாக இருப்பதால், ஒரு பிளாக்கின் எல்லா மாற்றங்களையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் கமிட் செய்ய முடிகிறது. படித்துப் புரிந்துகொள்ள எளிய வடிவமைப்பு.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு கமிட்டுக்கும் வட்டு பதில் சொல்லும் வரை காத்திருந்தால், முதன்முறை முழுத் தொடரையும் இறக்கும்போது வேகம் படுத்துவிடும். ஆகவே காத்திருக்காமல் எழுதிச் செல்லும் வேகமுறை அதில் உள்ளது. அப்படி ஓட்டும்போது கணினியே விழுந்தால், கோப்பு அமைப்பு எழுத்துகளின் வரிசையைக் காப்பாற்றியிருந்தால் மட்டுமே டேட்டாபேஸ் உருப்படியாக இருக்கும். கடைசிச் சில டிரான்சாக்‌ஷன்கள் தொலையலாம். வரிசை மாறியிருந்தால் கோப்பே கெடலாம். டிரான்சாக்‌ஷன் என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது, அது எந்த முறையில் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

## வரிசையும் மறுஓட்டமும்: பிட்காயின் கோரின் வழி

பிட்காயின் கோர், நான்கு இடங்களையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் கட்ட முயலவில்லை. பதிலாக இரண்டு எளிய உண்மைகளைப் பயன்படுத்துகிறது.

முதலாவது, வரிசை. காசு நிலை, அட்டவணையில் உள்ள பிளாக்கைச் சுட்டுகிறது. அட்டவணை, கோப்பில் உள்ள இடத்தைச் சுட்டுகிறது. ஆகவே சுட்டப்படுவதை முதலில் வட்டில் பதித்து, சுட்டுவதைப் பிறகு பதித்தால், எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் இல்லாத ஒன்றைச் சுட்டும் பதிவு உண்டாகாது. நோடு எழுதும் வரிசை அதன்படியே அமைந்துள்ளது:

1. பிளாக் கோப்பும் மீட்புக் கோப்பும் எழுதப்பட்டு, வட்டில் பதிந்தது உறுதிசெய்யப்படும்.
2. பிறகு அட்டவணை எழுதப்படும்.
3. கடைசியாகக் காசு நிலை.

முதல் படியோடு நின்றுபோனால், யாரும் சுட்டாத சில பைட்டுகள் கோப்பின் கடைசியில் கிடக்கும், அவ்வளவுதான். அவற்றால் இடம் வீணாகலாமே தவிர, கேடு இல்லை.

இரண்டாவது, மறுஓட்டம். காசு நிலை ஒவ்வொரு பிளாக்குக்கும் வட்டுக்குப் போவதில்லை. பல நூறு மெபிபைட் அளவுள்ள கேச் நினைவகத்தில் சேர்ந்து, அவ்வப்போது மொத்தமாக எழுதப்படுகிறது. லெவல்டிபியில் முழு டிரான்சாக்‌ஷன் கிடையாது. ஒரு கட்டு எழுத்துகளை அணுத்தன்மையோடு எழுதும் பேட்ச் வசதி மட்டும் உண்டு. மொத்தக் கேச்சையும் ஒரே பேட்ச்சாக எழுதினால் பாதுகாப்புதான், ஆனால் எழுதும் நேரத்தில் அதே தரவின் இன்னொரு நகல் நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். 2017இல் வந்த 0.15 பதிப்பு, இந்த அணுத்தன்மையைத் தெரிந்தே கைவிட்டது. எழுத வேண்டியதைச் சிறு பேட்ச்களாக வெட்டி, முதல் பேட்ச்சிலேயே வழக்கமான சுட்டியை அழித்துவிட்டு, "இந்தப் பழைய பிளாக்கிலிருந்து அந்தப் புதிய பிளாக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்" என்று இரண்டு பிளாக்குகளின் பெயரையும் எழுதிவைக்கும். கடைசிப் பேட்ச், அந்தக் குறிப்பை நீக்கிப் புதிய சுட்டியை வைக்கும்.

இடையில் மின்சாரம் போனால், அடுத்த தொடக்கத்தில் நோடு அந்தக் குறிப்பைப் பார்க்கும். பழைய பிளாக்குக்கும் புதியதற்கும் பொதுவான மூதாதை பிளாக்கைக் கண்டுபிடித்து, தேவையானால் அதுவரை பின்னோக்கிக் கழற்றி, பிறகு புதியது வரை ஒவ்வொரு பிளாக்கின் விளைவையும் மறுபடி பூசும். சில காசுகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கலாம், சில இல்லாமலிருக்கலாம். எது எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் காசை மறுபடி எழுதினாலும், ஏற்கெனவே அழிந்த காசை மறுபடி அழித்தாலும் முடிவு மாறாது. தொடக்கத்தில் சொன்ன "பழைய காசைக் காணோம்" என்ற விபத்து இங்கே நேராது. ஏனெனில் இந்த பிளாக்குகள் முன்பே சரிபார்க்கப்பட்டவை, மறுஓட்டத்தில் விளைவு மட்டுமே பூசப்படுகிறது.

கூர்ந்து பார்த்தால், இது ஒரு டேட்டாபேஸின் பதிவுக் கோப்பு முறையேதான். பிளாக் கோப்புகளே பதிவுக் கோப்பாக இருப்பதால், தனியாக இன்னொன்று தேவைப்படவில்லை. பிளாக்செயின் என்பது இயல்பிலேயே வரிசையான, ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) மூலம் சரிபார்க்கக்கூடிய ஒரு பதிவு. அதன் மேல் கனமான இன்னொரு டிரான்சாக்‌ஷன் அடுக்கைப் போர்த்துவது பல நேரங்களில் ஒரே வேலையை இருமுறை செய்வதாகும்.

பயனரின் சொந்தக் காசுகளைக் கவனிக்கும் வாலட்டும் இதே போக்கில்தான் இயங்குகிறது. அது வேறு டேட்டாபேஸ், 0.21 பதிப்பில் அதற்கு எஸ்கியூலைட் வடிவம் வந்தது. காசு நிலையோடு அதை ஒரே டிரான்சாக்‌ஷனில் கட்டாமல், எந்த பிளாக் வரை பார்த்தாயிற்று என்ற குறிப்பை மட்டும் அது வைத்துக்கொண்டு, பின்தங்கியிருந்தால் அங்கிருந்து மறுபடி தேடிக்கொள்கிறது. எத்திரியம் என்ற இன்னொரு பிளாக்செயினின் கெத் மென்பொருளும், பழைய பிளாக்குகளின் தரவைத் தனிக் கோப்புகளுக்கு மாற்றும்போது, முதலில் புதிய இடத்தில் எழுதி உறுதிசெய்து, பிறகே பழைய இடத்தில் அழிக்கிறது.

## வட்டு சொல்வதை நம்பலாமா

இவை அனைத்தும், "பதிந்துவிட்டது" என்று வட்டு சொன்னால் பதிந்திருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. அந்த நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை. வட்டில் பதியச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு ஒருமுறை தோற்றால், லினக்ஸில் அடுத்த அழைப்பு வெற்றி என்று சொல்லக்கூடும், தரவோ தொலைந்திருக்கும் என்பது 2018இல் போஸ்ட்கிரெஸ் குழுவினரிடையே பெரிய விவாதமானது. 2019 பிப்ரவரி முதல், அந்த அழைப்பு தோற்றால் மறுமுயற்சி செய்யாமல், உடனே விழுந்து, பதிவுக் கோப்பிலிருந்து மீளும்படி போஸ்ட்கிரெஸ் மாற்றப்பட்டது. வெளியே தொங்கும் யுஎஸ்பி வட்டில் நோடு ஓட்டுபவர்களுக்கு டேட்டாபேஸ் அடிக்கடி சிதைவதன் காரணத்தை, மென்பொருளைவிட வட்டிலும் கேபிளிலும் தேடுவதே பெரும்பாலும் பலன் தரும்.

## பிளாக்செயினைப் படித்துச் சொந்த டேட்டாபேஸில் எழுதும் செயலிகள்

கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச், கட்டண வாயில், ஆவணத்தின் ஹாஷைத் தொடரில் பதிக்கும் சேவை போன்றவற்றை எழுதுபவர்களுக்கே இந்தச் சிக்கல் கூர்மையாக வரும். இங்கே ஒரு பக்கம் போஸ்ட்கிரெஸ். மறுபக்கம், எவருடைய ரோல்பேக்குக்கும் கட்டுப்படாத உலகளாவிய வலைப்பின்னல். இரண்டையும் இணைக்கும் ஒரே டிரான்சாக்‌ஷன் என்பது கிடையவே கிடையாது.

உள்ளே வரும் பணத்தில் இது சமாளிக்கக்கூடியது:

1. ஒரு பிளாக்கில் கண்ட வரவுகள், அந்த பிளாக்கின் ஹாஷ், உயரம், "இதுவரை படித்தாயிற்று" என்ற சுட்டி ஆகிய அனைத்தையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுத வேண்டும். சுட்டியை வேறு கோப்பிலோ ரெடிஸ் போன்ற வேறொரு சேமிப்பிலோ வைப்பது, வரவு தவறிப்போவதற்கு அல்லது இருமுறை ஏறுவதற்கு நேர்வழி.

2. பரிவர்த்தனை அடையாளமும் வெளியீட்டு எண்ணும் சேர்ந்து மறுபடி வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டை டேட்டாபேஸிலேயே வைக்க வேண்டும். அப்போது ஒரே பிளாக்கைப் பத்துமுறை படித்தாலும் கேடில்லை.

3. அடுத்த பிளாக்கின் பெற்றோர் ஹாஷ் நம்மிடம் உள்ளதோடு பொருந்தவில்லை என்றால், தொடர் கிளை மாறியிருக்கிறது. நம் பக்கத்து பிளாக்கின் பதிவுகளைச் செல்லாதவையாகக் குறிப்பதும் சுட்டியைப் பின்னகர்த்துவதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடக்க வேண்டும். வாடிக்கையாளர் கணக்கில் ஏற்கெனவே வரவு வைத்திருந்தால், அந்த வரியை அழிக்காமல் எதிர்ப்பதிவு போட வேண்டும். கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்துவருவது இதைத்தான்.

வெளியே போகும் பணத்தில்தான் உண்மையான ஆபத்து. பணத்தை அனுப்பும் கட்டளையை டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே வைத்துவிட்டு, அணுத்தன்மை வந்துவிட்டது என்று நம்புவது பரவலாகக் காணப்படும் தவறு. பரிவர்த்தனை வலைப்பின்னலுக்குப் போய்விட்டது. அதற்கடுத்த கணம் கமிட் தோற்றது. வரிசையில் அந்தக் கோரிக்கை "நிலுவை" என்ற பழைய நிலைக்கே திரும்பியது. அடுத்து அதை எடுக்கும் நிரல், வேறு காசுகளை உள்ளீடாகத் தேர்ந்தெடுத்து, புதிய பரிவர்த்தனை ஒன்றை அனுப்பும். வாடிக்கையாளருக்கு இருமுறை பணம் போய்ச் சேரும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. முதலில் உள்ளீடுகளைத் தேர்ந்து, பரிவர்த்தனையைக் கையொப்பமிட்டு, அதன் முழு பைட்டுகளையும் கோரிக்கையின் நிலையையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் கமிட் செய்ய வேண்டும். அதற்குப் பிறகே, தனியான ஒரு நிரல், கமிட் ஆனவற்றை மட்டும் எடுத்து வலைப்பின்னலுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதா இல்லையா என்ற ஐயம் வந்தால், அதே பைட்டுகளை மறுபடி அனுப்பலாம். ஒரே பரிவர்த்தனையை நூறுமுறை அனுப்பினாலும் வலைப்பின்னலில் அது ஒன்றுதான். கட்டணம் போதாமல் தேங்கிப் புதிதாகக் கையொப்பமிட நேர்ந்தாலும், பிட்காயினில் பழைய உள்ளீடுகளில் ஒன்றையாவது, எத்திரியத்தில் அதே நான்ஸ் எண்ணை (அனுப்புபவரின் பரிவர்த்தனை வரிசை எண்ணை), கட்டாயம் திரும்பப் பயன்படுத்த வேண்டும். அப்போது இரண்டில் ஒன்றை மட்டுமே வலைப்பின்னல் ஏற்கும். எது ஏற்கப்பட்டது என்பதை, உள்ளே வரும் பிளாக்குகளைப் படிக்கும் நிரல் கண்டு, கோரிக்கையின் நிலையை மாற்றும்.